செல்லுக்குள் ஸ்பிங்கோசின் எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: “செரீன் என்ற அமினோ அமிலமும் பால்மிட்டிக் அமிலமும் சேர்ந்து ஸ்பிங்கோசின் உண்டாகிறது, அதிலிருந்து செராமைடு உண்டாகிறது என்று ஒரு பாடக்குறிப்பில் இருக்கிறது. இன்னொன்றில், செராமைடு உடைந்துதான் ஸ்பிங்கோசின் வருகிறது என்று போட்டிருக்கிறது. எது சரி? செராமைடு செல்லைக் கொல்லும், ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் செல்லைக் காக்கும் என்கிறார்களே, அதை நம்பலாமா?”

ஸ்பிங்கோசினும் செராமைடும் செல்லின் சவ்வுகளோடு தொடர்புள்ள கொழுப்பு வகை மூலக்கூறுகள். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது குறிப்புதான் சரி. நம் செல்கள் ஸ்பிங்கோசினை நேரடியாகத் தயாரிப்பதே இல்லை. செராமைடைத் தயாரித்து, அதை உடைக்கும்போதுதான் தனி ஸ்பிங்கோசின் கைக்குக் கிடைக்கிறது. இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் இரண்டாவது கேள்வியில் பாதி தானாகவே அவிழ்ந்துவிடும்.

பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்து லண்டனில் மருத்துவராக இருந்த தூடிகம், மூளையின் வேதியியல் பற்றி 1884இல் ஒரு நூல் வெளியிட்டார். மூளையிலிருந்து எடுத்த கொழுப்புப் பொருள்களைச் சிதைத்தபோது கிடைத்த காரப்பொருள் ஒன்று அவரைப் படாதபாடு படுத்தியது. கிரேக்கப் புராணத்தில் வழிப்போக்கர்களிடம் விடுகதை போடும் ஸ்பிங்க்ஸின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். அதன் கட்டமைப்பு சரியாகத் தெளிவாக 1947 வரை, ஹெர்பர்ட் கார்ட்டர் குழுவினரின் வேலை வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அறுபது ஆண்டுக்கும் மேல்.

இப்போது ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பதினெட்டு கார்பன் கொண்ட சங்கிலி. முதல் கார்பனில் ஒரு ஹைட்ராக்ஸில், இரண்டாவதில் ஓர் அமினோ தொகுதி, மூன்றாவதில் இன்னொரு ஹைட்ராக்ஸில். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே டிரான்ஸ் வகை இரட்டைப் பிணைப்பு. மிச்சமெல்லாம் வெறும் ஹைட்ரோகார்பன் வால். இதுதான் ஸ்பிங்கோசின், மூலக்கூறு எடை ஏறத்தாழ 299.5. அந்த இரட்டைப் பிணைப்பு இல்லாவிட்டால் அதற்குப் பெயர் ஸ்பிங்கனின். இரண்டு ஹைட்ரஜன்தான் வித்தியாசம். உங்கள் முதல் பாடக்குறிப்பு எழுதியவர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் என்று நினைக்கிறேன். பழைய புத்தகங்கள் பலவற்றிலும் அப்படித்தான் வரைந்திருப்பார்கள்.

அமினோ தொகுதியில் ஒரு கொழுப்பு அமிலத்தை அமைடு பிணைப்பால் மாட்டினால் செராமைடு. செராமைடின் முதல் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்ஸிலில் பாஸ்போகோலினை ஏற்றினால் ஸ்பிங்கோமையலின். குளுக்கோஸை ஏற்றினால் குளுக்கோசில்செராமைடு. அதன்மேல் மேலும் சர்க்கரைகளையும் சியாலிக் அமிலத்தையும் அடுக்கினால் கேங்லியோசைடுகள். எல்லா அலங்காரமும் அந்த முதல் ஹைட்ராக்ஸிலில்தான். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதனிடம் திரும்பி வருவேன்.

தயாரிப்பு எண்டோபிளாச வலையின் சவ்வில் தொடங்குகிறது. பதினாறு கார்பன் கொண்ட பால்மிட்டாயில் துண்டை, கோஎன்சைம்-ஏ என்ற சுமைதாங்கி கொண்டு வருகிறது. செரீனுக்கு மூன்று கார்பன். இரண்டையும் இணைக்கும் நொதிக்கு செரீன் பால்மிட்டாயில்டிரான்ஸ்பரேஸ் என்று பெயர். வைட்டமின் பி6இலிருந்து வரும் பிரிடாக்ஸல் பாஸ்பேட் இல்லாமல் அதற்கு வேலை ஓடாது. இணைக்கும்போதே செரீனின் கார்பாக்ஸில் தொகுதி கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடுகிறது. பதினாறும் மூன்றும் பத்தொன்பது, ஒன்று போக பதினெட்டு. ஸ்பிங்கோசினுக்கு ஏன் பதினெட்டு கார்பன் என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொன்னால் போதும்.

கிடைத்த பொருளில் மூன்றாவது கார்பனில் ஒரு கீட்டோன் இருக்கும். அதை ஒரு ரிடக்டேஸ் நொதி ஹைட்ராக்ஸிலாக்குகிறது, ஸ்பிங்கனின் கிடைக்கிறது. அடுத்து செராமைடு சிந்தேஸ், அமினோ தொகுதியில் கொழுப்பு அமிலத்தை மாட்டி டைஹைட்ரோசெராமைடு ஆக்குகிறது. அதற்குப் பிறகுதான், கொழுப்பு அமிலம் மாட்டிய நிலையில்தான், டீசாச்சுரேஸ் என்ற நொதி வந்து நான்காவது, ஐந்தாவது கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பைப் போடுகிறது. அப்போது அது செராமைடு. ஆக, இரட்டைப் பிணைப்பு பிறக்கும் நேரத்தில் அமினோ தொகுதி ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டது. இந்த வரிசையில் தனி ஸ்பிங்கோசின் தலைகாட்ட இடமே இல்லை.

இது வெறும் படத்தில் போட்ட அம்புக்குறி அல்ல, நல்ல சாட்சி இருக்கிறது. மக்காச்சோளத்தில் வளரும் ஃபியூசேரியம் பூஞ்சை ஃபியூமோனிசின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அதைத் தின்ற குதிரைகளின் மூளை வெண்பகுதி கூழாகிவிடும். 1991இல் அந்த நஞ்சு செராமைடு சிந்தேஸைத்தான் தடுக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இப்போது யோசியுங்கள்: செராமைடுக்கு முந்தைய பொருள் ஸ்பிங்கோசினாக இருந்தால், அடைப்பு விழுந்ததும் தேங்க வேண்டியது ஸ்பிங்கோசின். உண்மையில் மலைபோல் குவிவது ஸ்பிங்கனின். ஸ்பிங்கோசினும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், ஏனென்றால் உடைப்பில் வந்த ஸ்பிங்கோசினை மீண்டும் செராமைடாக்குவதும் அதே நொதிதான். ஆனால் ஏற்றம் ஸ்பிங்கனினுக்கே அதிகம். விலங்கு அந்த நஞ்சைத் தின்றிருக்கிறதா என்று பார்க்க இன்றும் இந்த இரண்டின் விகிதத்தைத்தான் அளக்கிறார்கள்.

முதல் ஹைட்ராக்ஸிலுக்குத் திரும்புகிறேன். பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோய் உண்டு. காலிலும் கையிலும் உணர்வு போய்விடும், புண் வந்தால்கூட வலிக்காது. அந்த நோயாளிகளிடம் அந்த முதல் நொதியின் மரபணுவில் பிழை இருக்கிறது. பிழையான நொதி செரீனுக்குப் பதில் அலனினைப் பிடித்துக்கொள்கிறது. செரீனுக்கும் அலனினுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஹைட்ராக்ஸில்தான். விளைவாக முதல் கார்பனில் ஹைட்ராக்ஸில் இல்லாத ஸ்பிங்கனின் உருவாகிறது. அதன்மேல் பாஸ்போகோலினை ஏற்ற முடியாது, சர்க்கரையை ஏற்ற முடியாது. அதைவிட மோசம், பாஸ்பேட்டை ஏற்ற முடியாது என்பதால் அதை வழக்கமான வழியில் அழிக்கவும் முடியாது. ஏன் என்பது சற்று நேரத்தில் தெரியும். பயன்படாமலும் அழியாமலும் நரம்பு செல்லில் அது தங்கிவிடுகிறது. ஓர் ஆக்சிஜன் அணு இல்லாததற்கு இவ்வளவு விலை.

செராமைடு தண்ணீரில் கொஞ்சமும் கரையாது. ஒரு சவ்விலிருந்து இன்னொரு சவ்வுக்குத் தானாகப் போகாது. எண்டோபிளாச வலையில் பிறந்த செராமைடைக் கோல்கி உறுப்புக்குத் தூக்கிச் செல்ல செர்ட் என்ற தனிப் புரதமே இருக்கிறது, 2003இல் கண்டறியப்பட்டது. கோல்கியில் ஸ்பிங்கோமையலினும் சர்க்கரை ஏறிய வகைகளும் தயாராகி, அங்கிருந்து செல்லின் வெளிச்சவ்வுக்குப் போய், பெரும்பாலும் அதன் வெளிப்புற அடுக்கில் கொலஸ்டிராலோடு நெருங்கி உட்கார்ந்துகொள்கின்றன. சவ்வுத் திட்டுகள் பற்றிய வாதங்களுக்குள் இங்கே போகவில்லை. அது தனிக் கதை, இன்னும் ஓயாத சண்டையும்கூட.

இனி உடைப்பு. பழைய சவ்வுகள், செல்லின் உடைப்புக்கூடமான லைசோசோமுக்கு வந்து சேர்கின்றன. அங்கே சர்க்கரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நொதி. ஏதாவது ஒரு நொதி பழுதானால் அந்தப் படியில் வண்டி நின்றுவிடும், சரக்கு தேங்கும். குளுக்கோஸைக் கழற்றும் நொதி இல்லையென்றால் கோஷே நோய். ஸ்பிங்கோமையலினை வெட்டும் அமில ஸ்பிங்கோமையலினேஸ் இல்லையென்றால் நீமன்-பிக் நோயின் ஏ, பி வகைகள். ஹெக்சோசாமினிடேஸ்-ஏ இல்லையென்றால் டே-சாக்ஸ். கோஷே நோய்க்கு நொதியையே ஊசி வழியே செலுத்தும் சிகிச்சை 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. கடைசிப் படியில் அமில செராமைடேஸ், செராமைடிலிருந்து கொழுப்பு அமிலத்தை வெட்டி எடுக்கிறது. அப்போதுதான், அதுவும் முதன்முறையாக, ஸ்பிங்கோசின் தனியாக வெளியே வருகிறது. இந்தப் படி நின்றுபோனால் வருவது ஃபார்பர் நோய். செராமைடேஸ் வகைகள் வேறு இடங்களிலும் உண்டு, ஆனால் பெரிய பட்டறை லைசோசோம்தான்.

வெளியே வந்த ஸ்பிங்கோசின் செராமைடைப் போல இருந்த இடத்தில் கிடப்பதில்லை. ஒரு வால்தான், தலையில் நேர்மின்னூட்டம் ஏற்கக்கூடிய அமினோ தொகுதி. சவ்வுகளுக்கு நடுவே ஓரளவு எளிதாக நகரும். அதற்கு முன்னால் இரண்டு வழி: செராமைடு சிந்தேஸ் அதைப் பிடித்து மறுபடி செராமைடாக்கலாம், அல்லது ஸ்பிங்கோசின் கைனேஸ் முதல் ஹைட்ராக்ஸிலில் பாஸ்பேட் ஏற்றி ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் ஆக்கலாம். சுருக்கமாக எஸ்1பி.

எஸ்1பிக்குப் பிறகும் பாஸ்பேட்டைக் கழற்றித் திரும்பலாம். ஆனால் எஸ்1பி லையேஸ் என்ற நொதியிடம் சிக்கினால் திரும்ப முடியாது. அது இரண்டாவது கார்பனுக்கும் மூன்றாவது கார்பனுக்கும் நடுவே வெட்டுகிறது. ஒரு பக்கம் பதினாறு கார்பன் ஆல்டிஹைடான ஹெக்சாடெசினல், மறுபக்கம் இரண்டு கார்பன் கொண்ட பாஸ்போஎத்தனாலமைன். ஸ்பிங்கோலிப்பிடுகளின், அதாவது ஸ்பிங்கோசின், செராமைடு குடும்பத்துக் கொழுப்புகளின், உலகத்திலிருந்து வெளியே போக இருக்கும் ஒரே வாசல் இதுதான். கணக்கைப் பாருங்கள்: உள்ளே வரும்போது பதினாறு கார்பன் பால்மிட்டாயில், வெளியே போகும்போதும் பதினாறு கார்பன். செரீன் கொண்டு வந்ததில் மிஞ்சிய இரண்டு கார்பன் தனியாகப் போகிறது. நுழைவாசல் நொதியும் வெளிவாசல் நொதியும் இரண்டுமே பிரிடாக்ஸல் பாஸ்பேட்டை நம்பியவை. இந்தப் பாதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. முதல் ஹைட்ராக்ஸில் இல்லாத ஸ்பிங்கனின் ஏன் அழியாது என்பதும் இங்கே தெரிந்துவிடும்: பாஸ்பேட் இல்லாமல் லையேஸ் தொடாது.

இனி இரண்டாவது கேள்வி. செராமைடு கூடினால் சாவு, எஸ்1பி கூடினால் வாழ்வு, இரண்டும் தராசின் இரு தட்டு என்ற கருத்து 1996இல் வந்த ஒரு ஆய்வுக்குப் பிறகு பரவியது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பல செல்களில், பல நெருக்கடிகளில் செராமைடு ஏறுகிறது, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. எஸ்1பி கொடுத்தால் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் தராசு என்று சொன்னவுடன் இரண்டு தட்டிலும் ஒரே அளவு சரக்கு இருப்பதுபோல் மனதில் படிந்துவிடுகிறது. செல்லில் செராமைடு அதிகம், ஸ்பிங்கோசின் அதைவிடப் பலமடங்கு குறைவு, எஸ்1பி அதைவிடவும் பலமடங்கு குறைவு. செராமைடில் சிறிதளவு உடைந்தாலே ஸ்பிங்கோசின் இருமடங்காகிவிடலாம். எதிர்த்திசையில், எஸ்1பி இருமடங்கானாலும் அதனால் செராமைடின் மொத்த அளவில் பெரிய மாற்றம் தெரியாது. இதைத் தராசு என்பது எப்படி?

தவிர, செராமைடு ஒன்றல்ல. செராமைடு சிந்தேஸ் ஆறு வகை. ஒவ்வொன்றுக்கும் கொழுப்பு அமிலத்தின் நீளத்தில் தனி விருப்பம். முதல் வகை பதினெட்டு கார்பன் அமிலத்தை மாட்டும், மூளையிலும் தசையிலும் அதிகம். இரண்டாவது வகை இருபத்திரண்டு முதல் இருபத்துநான்கு வரை, கல்லீரலில் அதிகம். மூன்றாவது வகை அதைவிட நீண்டவற்றை மாட்டும், தோலுக்கு அது இல்லாமல் முடியாது. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே இருக்கும் கொழுப்பில் எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதி செராமைடுதான்; அதுதான் தண்ணீர் வெளியேறாமல் நம்மைக் காக்கிறது. செராமைடு கொல்லி என்றால் நாம் கொல்லியை மேலே போர்த்திக்கொண்டல்லவா திரிகிறோம்!

இன்னொன்று, ஆய்வகத்தில் தட்டில் வளரும் செல்லுக்குச் செராமைடு கொடுப்பதாகச் சொல்லும்போது பல நேரம் கொடுப்பது இரண்டு கார்பன் வால் கொண்ட செயற்கைச் செராமைடு. உண்மையான செராமைடு கரையாது என்பதால் இந்த ஏற்பாடு. வசதிதான், ஆனால் அது செல்லில் இயல்பாக இருக்கும் பொருள் அல்ல. ஸ்பிங்கோசினிலும் இந்தத் தொல்லை உண்டு. 1986இல் ஸ்பிங்கோசின், செல்லுக்குள் செய்தி கடத்தும் புரத கைனேஸ்-சி நொதியைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். அதுவரை சவ்வின் கட்டுமானச் சரக்காக மட்டும் பார்க்கப்பட்ட இந்த மூலக்கூறுகள் செய்தி கடத்தவும் செய்யும் என்ற எண்ணம் வலுப்பட்டது அதிலிருந்துதான். உடனே எல்லோரும் ஸ்பிங்கோசினைச் செல்லின்மேல் ஊற்றத் தொடங்கினார்கள். நானும் ஒருமுறை எத்தனாலில் கரைத்து, சீரம் இல்லாத ஊடகத்தில் நேரடியாக விட்டுவிட்டேன். மாலையில் நுண்ணோக்கியில் பார்த்தால் தட்டின் அடியில் ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் உருண்டு மிதந்துகொண்டிருந்தன. பெரிய கண்டுபிடிப்பு என்று துள்ளினேன். அடுத்த வாரம் அதே அளவைக் கொழுப்பு அமிலம் நீக்கிய ஆல்புமினோடு கலந்து கொடுத்தபோது செல்கள் ஒன்றும் ஆகாமல் இருந்தன. அன்று நான் பார்த்தது செய்தி கடத்தல் இல்லை, ஒருவகைச் சோப்புத் தண்ணீர் வேலை.

என் கட்சி என்னவென்றால், இந்த மூலக்கூறுகளில் எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். எஸ்1பியே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரத்தத்தில் அது சுமார் 1 மைக்ரோமோலார் அளவில் இருக்கிறது. சிவப்பணுக்களிடம் லையேஸ் இல்லாததால் அவை அதைச் சேர்த்துவைத்து வெளியே விடுகின்றன. ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஹெச்டிஎல் துகளும் ஆல்புமின் புரதமும் அதைச் சுமக்கின்றன. திசுக்களுக்குள்ளோ லையேஸ் விடாமல் அழித்துக்கொண்டே இருப்பதால் அளவு மிகக் குறைவு. இந்த மேட்டையும் பள்ளத்தையும் வைத்துத்தான் லிம்போசைட் என்ற வெள்ளணு வழி கண்டுபிடிக்கிறது. அதன் மேற்பரப்பில் எஸ்1பிக்கான முதல் வகை ஏற்பி இருக்கிறது. மொத்தம் ஐந்து வகை. ரத்தத்தில் எஸ்1பி நிறைய இருப்பதால் ஏற்பி உள்ளிழுக்கப்பட்டுவிடுகிறது. நிணநீர் முடிச்சுக்குள் வந்து சில மணி நேரம் தங்கியதும் ஏற்பி மறுபடி மேலே வருகிறது. அப்போது, எஸ்1பி கூடுதலாக இருக்கும் நிணநீர்ப் பக்கம் நோக்கிச் செல் வெளியேறுகிறது.

இந்த வழியை அடைத்துத்தான் ஃபிங்கோலிமோட் மருந்து வேலை செய்கிறது. 2010இல் அமெரிக்காவில் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோய்க்கு அனுமதி கிடைத்தது. அதன் பூர்வீகம் வேடிக்கையானது. பூச்சிகளின்மேல் வளரும் ஒரு பூஞ்சையிலிருந்து மைரியோசின் என்ற பொருளை எடுத்தார்கள். அது தயாரிப்புப் பாதையின் முதல் நொதியைத் தடுக்கும். நச்சுத்தன்மையைக் குறைக்க அதன் அமைப்பை மாற்றிக்கொண்டே போனதில் ஃபிங்கோலிமோட் கிடைத்தது. ஆனால் அது முதல் நொதியைத் தொடுவதே இல்லை! அது ஸ்பிங்கோசினைப் போலவே இருப்பதால் ஸ்பிங்கோசின் கைனேஸ் ஏமாந்து அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. எஸ்1பி போல வேடமிட்ட அந்தப் பொருள் ஏற்பியை உள்ளே இழுத்து அழியவே வைத்துவிடுகிறது. வழி தெரியாத லிம்போசைட்டுகள் முடிச்சுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. இந்த நோயில் நடப்பதுபோல மூளைக்குப் போய் நரம்பிழைகளின் உறையான மையலினைத் தாக்க ஆள் குறைகிறது. இதயத்திலும் இந்த ஏற்பிகள் இருப்பதால் முதல் வேளை மருந்துக்கு நாடித்துடிப்பு இறங்கலாம். அதனால்தான் அப்போது நோயாளியைச் சில மணி நேரம் கண்காணிக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான வழியிலும் அதே முடிவு வரும். கேரமல் நிறமூட்டி ஒருவகையில் சிறிதளவு இருக்கும் ஒரு பொருள் எலிகளின் ரத்தத்தில் லிம்போசைட்டைக் குறைப்பது முன்பே தெரிந்த செய்தி. 2005இல் காரணம் தெரிந்தது: அது லையேஸின் வேலையைத் தடுக்கிறது. திசுக்களில் எஸ்1பி ஏறிவிடுகிறது, மேடும் பள்ளமும் சமமாகிவிடுகின்றன, செல்லுக்குத் திசை தெரியவில்லை. எஸ்1பி கூடியது, ஆனால் ரத்தத்தில் லிம்போசைட் குறைந்தது. தராசுக் கணக்கு இங்கே எப்படிச் செல்லும்?

நீங்கள் இதை அளக்கப் போவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. நிறைமானியில் ஒரு புரோட்டான் ஏறிய நிலையில் ஸ்பிங்கோசின் 300.3இல் தெரியும், ஸ்பிங்கனின் 302.3இல் தெரியும். ஆனால் இயற்கையில் இருக்கும் கனமான கார்பன் காரணமாக ஸ்பிங்கோசினில் சுமார் 2 சதவீதம் 302இலும் போய் விழும். செல்லில் ஸ்பிங்கனின் பொதுவாகக் குறைவு என்பதால் அந்த 2 சதவீதமே உங்களை ஏமாற்றப் போதும். குரோமட்டோகிராபியில் இரண்டையும் பிரித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அளவு கையில் வந்த பிறகு, ஸ்பிங்கனினும் டைஹைட்ரோசெராமைடும் ஏறியிருந்தால் புதுத் தயாரிப்பு கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிங்கோசின் மட்டும் ஏறியிருந்தால் உடைப்பைத் தேடுங்கள், குறிப்பாக லைசோசோமை. நீமன்-பிக் சி வகையில் தேங்கும் பொருள்களில் ஸ்பிங்கோசினும் ஒன்று.

ஐயம் தீரவில்லை என்றால் நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மூன்று கார்பனும் கனமான 13 வகை, நைட்ரஜனும் கனமான 15 வகை என்று குறியிட்ட செரீன் விலைக்குக் கிடைக்கும். அதை ஊடகத்தில் கலந்து, நேரம் விட்டு நேரம் செல்களை எடுத்துப் பாருங்கள். செரீன் 4 அலகு கூடுதல் எடையோடு உள்ளே போகிறது; ஆனால் லிப்பிடில் கூடுவது 3 மட்டுமே, ஒரு கார்பன் முதல் படியிலேயே காற்றாகிவிட்டதே. 302இல் இருந்த ஸ்பிங்கனினுக்குப் பக்கத்தில் 305இல் புது உச்சி எழும். பிறகு டைஹைட்ரோசெராமைடு, பிறகு செராமைடு. 303இல் ஸ்பிங்கோசின் எழுவது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான்.